எண்ணூர்: எண்ணெயை அள்ளிய கைகள்

கடலில் எண்ணெய் கொட்டிய வரலாற்றை யார் எழுதினாலும் கப்பலின் பேரில்தான் எழுதுகிறார்கள். 1967 என்றால் டோரி கேன்யன். 1978 என்றால் அமோகோ காடிஸ். 1989 எக்ஸான் வால்டஸ், 2002 பிரஸ்டீஜ், 2007 ஹெபெய் ஸ்பிரிட், 2020 வகாஷியோ. நம்ம பாடப்புத்தக வரலாறு ராசாக்கள் பேரில் ஓடுகிற மாதிரி, இது கப்பல்கள் பேரில் ஓடுகிறது. எத்தனை டன், எத்தனை மைல், எத்தனை பறவை, எத்தனை கோடி டாலர் என்று கணக்கு சுத்தமாக இருக்கும். அந்த எண்ணெயை மணலிலிருந்தும் பாறையிலிருந்தும் யார் அள்ளினார்கள், எதைக் கொண்டு அள்ளினார்கள், அள்ளின கை பிறகு என்ன ஆச்சு என்பதற்கு மட்டும் பக்கம் கிடைக்காது. எண்ணூரில் 2017இலும் 2023இலும் கொட்டிய எண்ணெயை அந்தக் கைகளின் பக்கமிருந்து எழுதிப் பார்க்கிறேன். இதற்கு ஆவணம் குறைவு. ஏன் குறைவு என்பதும் இந்த வரலாற்றில் ஒரு பகுதிதான்.

முதலில் இடம். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற முகத்துவாரம் எண்ணூர். ஆறும் கடலும் கலந்து உப்பும் நன்னீரும் ஏறி இறங்குகிற கழி, அலையாத்திப் புதர், சேற்றுத் திட்டு. மடவை, கொடுவா, இறால், நண்டு எல்லாம் இந்தச் சேற்றில்தான் குஞ்சு வளரும். கடலுக்குப் போகிற குப்பங்கள் ஒரு பக்கம். கழியில் இறங்கித் தடவிப் பிடிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் எங்களுக்கு நெய்தல் திணை நடத்தினார்கள். பரதவர், உமணர், சுறா, தாழை, புன்னை எல்லாம் வந்தது. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். வகுப்பறையிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் எண்ணூர். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட எங்களை அங்கே கூட்டிப் போகவில்லை. சங்க இலக்கியத்து நெய்தலுக்கு இருக்கிற மரியாதை நடப்பு நெய்தலுக்கு இல்லை. அது வடசென்னை, அங்கே போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மூக்கைப் பிடிக்கிற நாற்றம் எப்படி வந்தது? 1965 கடைசியில் இந்திய அரசும், அமோகோ என்கிற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியும், ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து மெட்ராஸ் ரிபைனரீஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1969இல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. வருஷத்துக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் என்று தொடங்கி, இப்போது 105 லட்சம் டன் கொள்ளளவில் நிற்கிறது. 2000இல் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பேர் மாறியது. மேலே சொன்ன கப்பல் பட்டியலில் அமோகோ காடிஸ் என்று ஒன்று வந்ததே, 1978இல் பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் உடைந்து இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கொட்டியது, அது இந்த அமோகோவின் கப்பல்தான். அது உடைந்தபோது மணலியிலும் அமோகோவுக்குப் பங்கு இருந்தது. 1985இல்தான் அந்தப் பங்கை விட்டுப் போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கா வரைக்கும் போய் வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் நின்று காசு வாங்கினார்கள். மணலிக்காரர்களுக்கு அமோகோ என்றால் யார் என்றே தெரியாது.

ஆலைக்குப் பிறகு அனல்மின் நிலையம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை அனல்மின் நிலையம் வந்து, அதன் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து கழியில் சாம்பல் கொட்டியது. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்க ஒரு துறைமுகம் 2001இல் வந்தது. 2014இல் அதற்குக் காமராசர் பேர் வைத்தார்கள். துறைமுகத் தடுப்புச் சுவர்கள் மணலின் போக்கை மறித்தன. மறித்தால் ஒரு பக்கம் மணல் சேரும், இன்னொரு பக்கம் கடல் ஊரைத் தின்னும். எர்ணாவூர் பக்கம் கடல் வீடுகளைத் தின்ன வந்ததும் கரையில் பாறாங்கல்லை அடுக்கினார்கள். இந்தப் பாறாங்கல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

2017 ஜனவரி 28, விடிவதற்கு முன். காமராசர் துறைமுகத்துக்கு வெளியே, எரிவாயுவை இறக்கிவிட்டுப் போன பி.டபிள்யூ. மேப்பிள் என்கிற கப்பலும், பெட்ரோலியச் சரக்கோடு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம் என்கிற கப்பலும் மோதிக்கொண்டன. காஞ்சிபுரம் என்று கப்பலுக்குப் பேர். நம்ம ஊர்ப் பேருக்கெல்லாம் எங்கெங்கே வாழ்வு வருகிறது பாருங்கள். மோதல் நடந்த அன்று துறைமுகம் வெளியிட்ட அறிக்கை, சுற்றுச்சூழலுக்கு எந்தச் சேதமும் இல்லை, எண்ணெய் கொட்டவில்லை என்றது. கரையில் இருந்தவர்கள் அலையே கறுப்பாக வந்து புரள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு 20 டன் என்றார்கள். கடைசியில் கிட்டத்தட்ட 200 டன் என்று வந்து நின்றது. ஒன்றுமில்லை என்பதிலிருந்து 200 டன் வரைக்கும் போன இந்தக் கணக்குதான் அந்த முதல் நாட்களைத் தின்றது. எண்ணெய் மிதக்கும்போதே மிதவை போட்டு வளைத்தால் ஓரளவு பிடிக்கலாம். கொட்டவே இல்லை என்று சொல்லிவிட்டு எதை வளைப்பது?

கொட்டினது பெட்ரோல் மாதிரி பறந்துபோகிற சரக்கில்லை. கப்பல் எஞ்சினுக்குப் போடுகிற கனத்த எரிஎண்ணெய். ஆலையில் கச்சா எண்ணெயைக் காய்ச்சி லேசானதையெல்லாம் எடுத்த பிறகு அடியில் நிற்கிற கசடு. அது கடலில் விழுந்ததும், அதிலிருக்கிற கொஞ்ச நஞ்ச லேசான பகுதி - பென்சீன் போன்றவை - முதலில் ஆவியாகும். கிட்டே நிற்கிறவனுக்குத் தலைவலியும் வாந்தியும் வருவது அதனால். மீதி, அலை அடிக்க அடிக்கத் தண்ணீரை உள்ளே இழுத்துக் கூழாகிவிடும். ஒரு டன் எண்ணெய் மூன்று நான்கு டன் கூழாகும். அது மணலோடு சேர்ந்தால் தார், பாறையில் ஒட்டினால் பசை, அடியில் இறங்கினால் சேற்றோடு சேர்ந்து வருஷக்கணக்கில் கிடக்கும். மீன் முட்டையும் குஞ்சும் இருக்கிற இடமும் அந்தச் சேறுதான்.

தை மாசத்துக் கடல் ஓட்டம் வடக்கிலிருந்து தெற்கே. ஆக எண்ணெய் எண்ணூரிலிருந்து எர்ணாவூர், திருவொற்றியூர், மெரினா, பெசன்ட் நகர் என்று இறங்கிப் போனது. பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற பருவம் அது. செத்த ஆமைகள் கரையில் ஒதுங்கின. மீன் விற்பனை படுத்தது. எண்ணெய் தொடாத இடத்து மீனைக்கூட வாங்க ஆளில்லை. அதிகமாகச் சேர்ந்து நின்ற இடம் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரை. முன்னே சொன்ன பாறாங்கல் அடுக்கு அங்கேதான் இருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கூழ் போய் அடைத்துக்கொண்டது. துறைமுகம் கடலை ஊருக்குள் தள்ளியது, கடலைத் தடுக்கக் கல் போட்டார்கள், அந்தக் கல் கப்பல் எண்ணெயைப் பிடித்து ஊர் வாசலில் வைத்தது. இதை விபத்து என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

கடலோரக் காவல் படைக்கு எண்ணெய்க் கசிவைச் சமாளிக்கிற பொறுப்பு இருக்கிறது. தேசியத் திட்டம் ஒன்றும் 1996இலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பாரதியார் நகரில் நான் பார்த்த கருவி வாளி. பிளாஸ்டிக் வாளி, பெயின்ட் டப்பா, மண்வெட்டி, முறம். முதலில் குடிநீர் வாரியத்தின் சூப்பர் சக்கர் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாக்கடை உறிஞ்சுகிற வண்டி. கூழ் கெட்டியாக இருந்ததால் குழாய் அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு என்ன? சாக்கடையில் மெஷின் அடைத்துக்கொண்டால் இந்த நாட்டில் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். ஆளை இறக்கினார்கள்.

அந்த வாரம் சென்னை எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட கூட்டத்தை ஜனவரி 23 அன்று போலீஸ் அடித்துக் கலைத்தது. ஓடிவந்த மாணவர்களைக் குப்பத்து சனங்கதான் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். அன்றைக்கு நடுக்குப்பத்து மீன் சந்தை எரிந்தது. எரித்தது போலீஸ் என்று அந்த மக்கள் சொன்னார்கள். அஞ்சாம் நாள் கப்பல் மோதியது. மீன் விற்கிற பெண்கள் எரிந்த சந்தையைப் பார்ப்பதா, எண்ணெய் வந்த கடலைப் பார்ப்பதா? மெரினாவின் சூடு ஆறாத மாணவர்கள் நிறைய பேர் எர்ணாவூருக்கு வாளியோடு வந்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்களோடு சேர்ந்து நானும்தான் நின்றேன். பேப்பரில் படம் வந்தது: வரிசையாக நின்று வாளி கை மாற்றுகிற இளைஞர்கள், முகமூடி, மஞ்சள் கையுறை. இளைஞர் சக்தி என்று தலையங்கம் எழுதினார்கள்.

படத்தில் வராத வரிசை ஒன்றும் இருந்தது. பாறைக்குக் கீழே, இடுப்பளவு கூழில் இறங்கி, கல் இடுக்கிலிருந்து கையால் வழித்து மேலே இருக்கிறவனின் வாளியில் போட்ட வரிசை. ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த கூலியாட்கள், கரையோரத்துக் குப்பத்து ஆட்கள், துப்புரவு வேலை பார்க்கிறவர்கள். மாணவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்தார்கள். சிலர் ஒரு நாள், சிலர் மூணு நாள். கூலியாட்கள் வேலை முடிகிற வரைக்கும் நின்றார்கள். ஒருவரிடம் பேசினேன். சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை பார்க்கிறவர், மாதவரம் பக்கம். "இது அதைவிடப் பரவாயில்லண்ணே, அதுல முங்கணும், இதுல நின்னா போதும்" என்றார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர் என்னை அண்ணே என்றார். கையில் பேப்பர் வைத்திருந்தேன், அதுக்காக இருக்கும். தோலில் ஒட்டினதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் போட்டால் தோல் இன்னும் எரியும். சோப்புக்குப் போகாது, வேறு வழியில்லை.

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். எல்லாத்திலும் சாதியைக் கொண்டுவர வேண்டுமா, கடற்படையும் போலீசும் ஐ.டி. கம்பெனிக்காரனும்தானே வாளி எடுத்தான் என்பார்கள். நியாயமான கேள்வி. எண்ணெய்க்குத் தீட்டு கிடையாது. ஆகவேதான் அதை எல்லோரும் தொட்டார்கள், தொட்டதைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். மலத்தை இப்படி வரிசையில் நின்று கை மாற்ற எவரும் வந்ததில்லை. ஆனால் நான் கேட்பது வேறே. ராக்கெட் விடுகிற ஒரு நாடு, கப்பல் கட்டுகிற ஒரு நாடு, துறைமுகம் தொடங்கிப் பதினாறு வருஷம் ஆகியும் கனத்த எண்ணெயை வழிக்க மெஷின் வாங்கி வைக்கவில்லை. ஏன் தோன்றவில்லை? அழுக்கை எடுக்கிறதுக்கு மெஷின் வேண்டும் என்கிற நினைப்பே நம்ம ஆட்சியாளர்களின் மூளையில் வருவதில்லை. கை இருக்கிறது என்பது அவர்களுக்கு ஆயிரம் வருஷத்துப் பழக்கம். 1993இலும் 2013இலும் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கச் சட்டம் போட்டும் சாக்கடைச் சாவு நிற்கவில்லை என்றால் காரணம் இந்தப் பழக்கம்தான். அது மலத்தோடு நிற்காமல் எண்ணெய் வரைக்கும் வந்துவிட்டது. வாளி நம்ம நாட்டில் ஒரு கருவி மட்டும் இல்லை, அது ஒரு கொள்கை.

மற்ற தேசத்தில் கையே படவில்லையா என்றால், பட்டது. மெஷின் இருக்கிற ஊரிலும் கடைசியில் மனுசன்தான் இறங்கினான். 1967இல் டோரி கேன்யன் இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் பாறையில் மோதி ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கொட்டியபோது, என்ன செய்வது என்றே ஒருவருக்கும் தெரியவில்லை. விமானப் படையை விட்டு கப்பல் மேல் குண்டு போட்டார்கள். கரையில் ஆயிரக்கணக்கான டன் சோப்புத் திரவத்தைக் கொட்டினார்கள். எண்ணெய் கொன்றதைவிட அந்தத் திரவம் கரையோர உயிர்களை அதிகமாகக் கொன்றது என்று பிறகு கண்டார்கள். 1989இல் எக்ஸான் வால்டஸ் அலாஸ்காவில் கொட்டியது சுமார் 37,000 டன். சுத்தம் செய்ய 11,000 பேர். மணிக்கு 16 டாலர் 69 சென்ட் கூலி. சுடுதண்ணீரைப் பீய்ச்சிப் பாறையைக் கழுவினார்கள். கழுவின பாறையில் எண்ணெயோடு சேர்ந்து உயிரும் போனது. கழுவினவர்களில் பலர் மூச்சுக்கோளாறு, தலைச்சுற்றல் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கம்பெனிக்கு 1994இல் நடுவர்கள் போட்ட தண்டம் 500 கோடி டாலர். இழுத்து இழுத்து 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை 50 கோடி 75 லட்சம் டாலராக்கியது. பத்தில் ஒரு பங்கு. அந்தக் கரையில் மீனையும் சிப்பியையும் நம்பி வாழ்கிற பழங்குடிக் கிராமங்கள் இருக்கின்றன. காத்திருந்த பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் செத்தும் போனார்கள்.

2002இல் பிரஸ்டீஜ் ஸ்பெயினின் கலீசியாக் கரையில் 60,000 டன்னுக்கு மேல் இதே மாதிரி கனத்த எண்ணெயைக் கொட்டியது. அங்கேதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. சுத்தம் செய்த மீனவர்களைத் தேடிப் போய் மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் விசாரித்தார்கள். ஓராண்டு ஈராண்டு கழித்தும் அவர்களிடம் இருமலும் மூச்சிரைப்பும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. எத்தனை நாள் அதிகமாக அள்ளினார்களோ அத்தனைக்குத் தொல்லை அதிகம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அதிசயம் ஒன்றும் வேண்டியதில்லை. யார் யார் அள்ளினார்கள் என்கிற பட்டியல் வேண்டும். அங்கே மீனவர் சங்கத்தில் பேர் இருந்தது, பேரை வைத்துப் போய்க் கேட்டார்கள். எர்ணாவூரில் எந்தப் பட்டியலை வைத்து யாரைப் போய்க் கேட்பது? ஒப்பந்தக்காரர் மேஸ்திரியிடம் பணத்தைக் கொடுத்தார், மேஸ்திரி ஆளுக்கு ஆள் கையில் கொடுத்தார், சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. அவர்களில் எவனுக்காவது இன்றைக்கு நெஞ்சு இரைத்தால் அது பீடியால் வந்தது என்று டாக்டர் எழுதுவார்.

இரண்டாவது கசிவுக்குக் கப்பலே தேவைப்படவில்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. மணலியில் தேங்கின வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிக்கு இறங்கியபோது எண்ணெயும் சேர்ந்து வந்தது. சென்னை பெட்ரோலியம் ஆலை வளாகத்திலிருந்து வந்த எண்ணெய் அது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. எங்கள் குழாயில் கசிவில்லை என்று கம்பெனி சொன்னது. சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியது. வெள்ளம் ஏறிய வீடுகளில் தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. பாத்திரம், பாய், பிள்ளைகளின் புத்தகம் எல்லாத்திலும் எண்ணெய். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் எல்லாம் வலையும் படகும் கறுத்துக் கிடந்தன.

பக்கிங்காம் கால்வாய்க்கும் ஒரு கதை உண்டு. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் வெள்ளைக்காரன் வெட்டினது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க எட்டு கிலோமீட்டர் வெட்டி முடித்தது பஞ்சம் பிழைக்க வந்த சனம். அரைவயிற்றுக் கஞ்சிக்கு மண் சுமந்தவர்கள் எந்தச் சேரியிலிருந்து வந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கால்வாய்க்கு அந்த வருஷத்துக் கவர்னரின் பட்டப் பேர் வந்தது. வெட்டினவன் பேர் எங்கேயும் இல்லை. கப்பல் பேர் மாதிரிதான்.

ஆறு வருஷம் கழித்தும் கருவி மாறவில்லை. வாளியும் மக்கும்தான். முதல் நாட்களில் கையுறைகூட இல்லாமல் படகில் நின்று மீனவர்கள் அள்ளினார்கள். எந்த எண்ணெய் தங்கள் பிழைப்பைக் கெடுத்ததோ அதையே கூலிக்கு அள்ளினார்கள். மீன்பிடி இல்லாத நாளில் வேறே வருமானம் ஏது? தீர்ப்பாயம் கெடு வைத்தது, கெடு தள்ளிப் போனது. இதற்கு நடுவில் எண்ணெய் பூசின கூழைக்கடாப் பறவைகளின் படங்கள் நாடெங்கும் போயின. வனத்துறை ஆட்கள் பிடித்துக் கழுவ வந்தார்கள். வரட்டும், நல்லதுதான், அந்தப் பறவை நம்ம பகையாளி இல்லை. ஆனால் அதே கழியில், அதே சேற்றில், கூழைக்கடா மாதிரியே வெறும் உடம்பால் மீன் பிடிக்கிற மனுசர்கள் இருக்கிறார்கள் என்பது எந்தப் படத்திலும் வரவில்லை. அந்த மாசக் கடைசியில், டிசம்பர் 26 ராத்திரி, பெரியகுப்பம் பக்கத்து உரக் கம்பெனிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து சனங்க தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியதும் சேர்ந்துகொண்டது. செய்தி அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்த வெறும் உடம்புக்காரர்கள் இருளர்கள். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும் கழியோரத்தில் இருக்கிறார்கள். இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தாற்போல நகர்ந்து, கையால் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதில் போடுவார்கள். பெண்கள்தான் அதிகம். படகு இல்லை, வலை இல்லை. ஏன் இல்லை என்பதற்கு வறுமை மட்டும் காரணம் கிடையாது. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாளில் எந்தக் குப்பம் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை இயற்கையைக் காக்கும் கிராம சனநாயகம் என்று மெச்சி எழுதுவதுண்டு. அந்தச் சீட்டில் தலித்துக்கும் பழங்குடிக்கும் இடமில்லை, அது சாதிக் கட்டுக்குள் இருக்கிற உரிமை என்பதையும் சில ஆய்வுகள் எழுதியிருக்கின்றன. கடலில் வருகிற கம்பெனியை எதிர்க்கும்போது மீனவச் சமூகத்தோடு நாம் ஒரே வரிசையில் நிற்கிறோம், நிற்க வேண்டும். அதற்காகத் தண்ணீருக்குள் போட்டிருக்கிற கோட்டைப் பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

அந்தக் கோடு நிவாரணத்தில் தெரிந்தது. 2023 கசிவுக்கு அரசு அறிவித்தது மொத்தம் 8 கோடியே 68 லட்சம் ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500. 787 படகுகளுக்குத் தலா 10,000. பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. படகுக்கு ஒரு வரி இருக்கிறது பாருங்கள். மரத்துக்கும் பைபருக்கும் விலை போட்டார்கள். பறியைக் கடித்துக்கொண்டு சேற்றில் தடவுகிற கைக்கு எந்த வரி? அவள் மீனவக் குடும்பமா, பாதிக்கப்பட்ட குடும்பமா? மீனவர் அட்டை இருந்தால்தான் மீனவர். அட்டைக்குச் சங்கத்தில் பேர் இருக்க வேண்டும். வீட்டுக்குப் பட்டா இல்லாதவளிடம், சாதிச் சான்றிதழுக்கே நடையாய் நடக்கிறவளிடம், இந்த அட்டையைக் கேட்டால்?

கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் இந்த நாட்டுச் சட்டமாக ஏற்றுக்கொண்டது 1996இல், வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை வழக்கில். தோல் பதனிடுகிற குழியில் இறங்குகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அந்தத் தீர்ப்பு பாலாற்று விவசாயியின் நிலத்தைப் பேசியது. குழிக்குள் நின்றவனின் கால் அதில் பேசப்படவில்லை. உலகச் சட்டமும் இதே வழியில்தான் போகிறது. டோரி கேன்யனுக்குப் பிறகு 1969இல் கப்பல் முதலாளியின் பொறுப்பு பற்றி ஒப்பந்தம் போட்டார்கள், 1971இல் நிதி ஒன்று வைத்தார்கள், 2001இல் கப்பல் எரிஎண்ணெய்க்குத் தனியாக ஒன்று. எல்லாவற்றிலும் நட்டத்தைக் காட்டு, வருமானத்துக்குக் கணக்குக் காட்டு என்பார்கள். 2007 டிசம்பரில் தென்கொரியாவின் தேயான் கரையில் ஹெபெய் ஸ்பிரிட் 10,000 டன்னுக்கு மேல் கொட்டியது. பத்து லட்சத்துக்கு மேலான மக்கள் துணியாலும் வாளியாலும் துடைக்கப் போனார்கள். அந்த நாட்டில் ஒரு விசேஷம், வெறுங்கையால் சிப்பியும் பாசியும் பொறுக்குவது சட்டப்படி பதிவு பண்ணக்கூடிய மீன்பிடித் தொழில். அதற்குப் பேரே வெறுங்கை மீன்பிடிப்பு. பெரும்பாலும் வயதான பெண்கள். அவர்களும் நட்டஈடு கேட்டார்கள். எவ்வளவு பொறுக்கினாய், யாருக்கு விற்றாய், ரசீது எங்கே என்று கேட்டு ஏராளமான மனுக்களைத் தள்ளினார்கள். தொழில் என்று எழுதிவைத்த நாட்டிலேயே அந்தக் கதி. தொழில் என்றே எழுதாத நாட்டில் நாம் எங்கேயிருந்து தொடங்குவது?

பட்டியலிலிருந்துதான் தொடங்க முடியும் என்று நாங்கள் சிலர் கழியோரம் போய்க்கொண்டிருக்கிறோம். போன தடவை ஒரு அம்மா சொன்னார்: "மேலத் தண்ணி பளபளன்னு இருக்குது, எண்ணெய் போயிடுச்சுன்னு சொல்றாங்க. நாங்க மேல புடிக்கிறதில்லையே சாமி, அடியிலதான தடவறோம்." காலை ஊன்றினால் சில இடங்களில் இன்னும் கறுப்பாகக் கிளம்புகிறது என்கிறார்கள். அரிப்பு, விரலிடுக்கில் புண். இதெல்லாம் எந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இல்லை. வயசு, ஊர், எத்தனை நாள் இறங்கினார்கள், எப்போது நிறுத்தினார்கள், உடம்புக்கு என்ன, அன்றைக்கு இறால் கிலோ என்ன விலைக்குப் போனது - நோட்டில் எழுதிக்கொள்கிறோம். 2017இல் பாரதியார் நகர்க் கரையில் கூலிக்கு இறங்கினவர்களின் பேர்தான் கிடைக்க மாட்டேன் என்கிறது. மேஸ்திரிகளுக்கே மறந்துவிட்டது. மாதவரம், புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கத்துத் தோழர்கள் உங்கள் தெருவில் விசாரியுங்கள். யார் கூட்டிப் போனது, எத்தனை நாள், என்ன கூலி, கையுறை கொடுத்தார்களா, பிறகு மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். எழுத ஆளில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், வந்து எழுதிக்கொள்கிறோம்.